தெப்பத்தைக் கரைக்குத் திருப்பியவர்

யோகன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் நிலானிதான் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அன்ரி, அப்பா காலமை போயிட்டார். நித்திரையிலையே போயிட்டார்" என்றாள். "நீ ஏதாவது சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். இப்படியான நேரத்தில் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது அதுதான். "ஓம் அன்ரி, பாண் சாப்பிட்டனான்" என்றாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தமிழர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. யோகராசா என்றால் யோசிப்பீர்கள், 'போட் யோகன்' என்றால் உடனே முகம் வரும். ஏரிக்கரையில் உள்ள ஒரு சிறிய கெமைண்டவில், அதாவது அந்த ஊரின் உள்ளூராட்சி மன்றத்தில், ஏரிக் காவல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைப் படகு, நாலைந்து பேர், அவ்வளவுதான். வேகமாக ஓடுகிற மோட்டார்ப் படகைக் கவனிப்பது, நீந்துபவர்கள் பக்கம் படகு போகாமல் பார்ப்பது, இயந்திரம் நின்று தவிப்பவர்களை இழுத்துவருவது அவர்களின் வேலை. அந்த நாலைந்து பேரில் ஒரு தமிழன் இருந்தார். எங்கள் பிள்ளைகள் கரையில் நின்று கைகாட்டினால் அவர் சைரனைச் சின்னதாக ஒருமுறை அடிப்பார். சட்டப்படி அது சரியோ என்று நான் கேட்டதற்கு, "கருவி வேலை செய்யுதோ எண்டு பாத்தனான் கா" என்றார்.

அந்தக் 'கா'வைச் சொல்லவேண்டும். அவர் மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்தார் நிறைந்த எங்கள் கூட்டத்தில் இத்தனை வருடம் கதைத்து அவருடைய தமிழ் எங்களுடையதைப் போலவே ஆகிவிட்டது. பெண்களைக் கூப்பிடுகிற அந்த ஒரு எழுத்து மட்டும் போகவில்லை. மட்டக்களப்பான் என்றதால், வாவியில் பிறந்து வாவியில் வளர்ந்த மீன்பிடிகாரன் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். வேலைக்கு எடுத்த சுவிஸ்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். உண்மையில் அவருடைய தகப்பன் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். யோகன் அண்ணைக்கு இங்கே வரும்வரை நீந்தத் தெரியாது. இங்கே உள்ளரங்க நீச்சல் தடாகத்தில், தோளில் காற்றுப் பட்டி கட்டிய சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகியவர். "மீன் பாடுற ஊர் எண்டு சொல்லுறது உண்மைதான். நான் பாடுறதும் இல்லை, நீந்தினதும் இல்லை" என்று தன்னையே பகிடி பண்ணுவார். அப்படியென்றால் ஏன் இந்த வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். "தண்ணிக்கு நான் ஆரெண்டு தெரியாது. அது என்னட்டை ஒண்டும் கேக்கிறதில்லை" என்றார். விசாவுக்காகப் பல வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பதில் விளங்கும்.

நீலச் சட்டையும் தொப்பியும் இருந்தாலும் முதலில் பல வருடம் அவருக்கு ஒரு அதிகாரமும் இருக்கவில்லை. ஏரிக் காவலர்கள் பொலிஸ் அல்ல. கேட்கலாம், சொல்லலாம், மறிக்க முடியாது, அடையாள அட்டை வாங்கிப் பார்க்க முடியாது. ஒரு கோடைநாள் நான் கரையில் இருந்து நேரே பார்த்தேன். ஒருவன் குளிக்கிற பிள்ளைகளுக்கு மிக அருகில் மோட்டார்ப் படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். யோகன் அண்ணை போய்ப் பணிவாகச் சொன்னார். அவன், "நீ பொலிஸா?" என்று கேட்டான். யோகன் அண்ணை, "இல்லை" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவன் சிரித்துவிட்டு இன்னொரு சுற்று ஓடினான். கன்டோன் பொலிசுக்கு, அதாவது மாநிலப் பொலிசுக்கு, அறிவித்து அவர்கள் வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டான். யோகன் அண்ணை பிள்ளைகளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் தன் படகை மாலைவரை நிறுத்திவைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கெமைண்டவில் ஏரிக் காவலர்களுக்குச் சத்தியம் செய்வித்துப் பொலிஸ் அதிகாரம் கொடுப்பதா என்ற கேள்வி ஊர்க் கூட்டத்துக்கு வந்தது. இங்கே ஊர்ச்சனம் மண்டபத்தில் கூடிக் கை உயர்த்தித்தான் முடிவெடுப்பார்கள். நான் வாக்கில்லாதவர்களுக்கான வரிசையில் போய் இருந்தேன். ஒரு கிழட்டுப் பாய்மரப் படகுக்காரர் எழும்பினார். சுவிஸ்காரருக்கு யோகன் அண்ணை 'யோகா'. "யோகாவை எல்லாருக்கும் பிடிக்கும். அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் ஒரு நல்ல மனிதரை இழந்து ஒரு பொலிஸ்காரரைப் பெறுவோம். நமக்கு அது தேவையா?" என்று கேட்டார். மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

யோகன் அண்ணையைப் பேச விட்டார்கள். அவருடைய ஜெர்மன் எங்கள் எல்லாருடையதையும் போல அங்கங்கே தட்டும். ஆனால் அன்று சொன்னது தெளிவாக இருந்தது. "அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. நான் வந்த நாட்டில் சீருடை போட்டவன் மறித்தால் திரும்பி வருவோமோ என்று தெரியாது. ஆனால் இப்போது நான் கெஞ்சுகிறேன். கெஞ்சினால் நல்லவன் நிற்பான், மற்றவன் போவான். நல்லவனை மட்டும் நிறுத்துவதற்கு ஒரு காவல் எதற்கு? எனக்கு எவ்வளவு உரிமை, எவ்வளவு இல்லை என்று சட்டத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் ஒரே மாதிரிப் பேசலாம்." கைகள் உயர்ந்தன. அந்தப் பாய்மரப் படகுக்காரர் மட்டும் கடைசிவரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிய அவர்தான் முதலில் வந்து கைகொடுத்தார்.

இங்கே சத்தியம் செய்யும்போது கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்களை உயர்த்தவேண்டும். அதைக் குசினியில் பழகினாராம். அவருடைய மோதிர விரல் தானும் வருவேன் என்று எழும்பிக்கொண்டே இருந்ததென்று நிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தியம் முடிந்து வீட்டில் கொத்துரொட்டி. கோயில் தலைவர் குலசிங்கம் அண்ணை மாலை போட்டு, "இனி எங்களுக்கு ஏரியிலை ஒரு பயமும் இல்லை. பொலிசே எங்கடை ஆள்" என்றார். யோகன் அண்ணை மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். எங்கள் ஆட்கள் அவரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு அன்றே விளங்கியிருக்கவேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பாதிப்பேர் கண்ணால் கண்டது. மற்றப் பாதிப்பேர் பிழையாகக் கேள்விப்பட்டது.

எங்கள் கோயில் தீர்த்தத் திருவிழா அப்போதெல்லாம் ஏரி நடுவில்தான். கட்டடச் சாமான் ஏற்றுகிற தட்டையான படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாழைமரம் கட்டி, தோரணம் தூக்கி, தெப்பம் ஆக்கிவிடுவோம். சுவாமி, ஐயர், மேளம், உபயகாரக் குடும்பங்கள், நிர்வாகம் எல்லாம் தெப்பத்தில். மற்றச் சனம் கரையில். நான் கோயில் செயலாளர் என்றபடியால் தெப்பத்தில் எனக்கு இடம் இருந்தது. எல்லாரும் மிதவைச் சட்டை போடவேண்டும் என்று யோகன் அண்ணை பிடித்த பிடியில், ஐயரும் வெறும் மேலில் பூணூலுக்கு மேல் செம்மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் படங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

அந்த ஏரிக்கரையில் அங்கங்கே கம்பங்களில் செம்மஞ்சள் விளக்குகள் உண்டு. மெதுவாகச் சிமிட்டினால் காற்று வரலாம், கவனம். வேகமாகச் சிமிட்டினால் புயற்காற்று வருகிறது, கரைக்குப் போ. வேகமாகச் சிமிட்டினால் தெப்பம் திரும்பவேண்டும் என்பது எங்களுக்கு அனுமதி தந்தபோது போட்ட நிபந்தனை. அதிகாரம் கிடைப்பதற்கு முந்திய வருடமும் விளக்கு வேகமாகச் சிமிட்டியது. யோகன் அண்ணை படகில் வந்து "தயவுசெய்து திரும்புங்கோ, தயவுசெய்து" என்று எத்தனையோ தரம் கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டு பிரசாதம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. தீர்த்தம் முடியும்வரை தெப்பத்தோடு ஒட்டியபடியே படகை ஓட்டிவந்தார். காற்றும் வரவில்லை.

அடுத்த வருடம் தெப்பம் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம்தான் போயிருந்தது. வானம் கழுவிவிட்டது போல நீலம். விளக்குகள் வேகமாகச் சிமிட்டத் தொடங்கின. வெள்ளைப் படகு வந்தது. யோகன் அண்ணையும், கூட வேலைசெய்கிற பெயாட் என்ற சுவிஸ்காரரும் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் முதலில் ஜெர்மனில் சொன்னார். பிறகு தமிழில்: "தெப்பம் உடனை கரைக்குத் திரும்பவேணும். இது பொலிஸ் உத்தரவு." தயவுசெய்து என்ற சொல் அதில் இல்லை. மேளம் தானாக நின்றது.

குலசிங்கம் அண்ணை தெப்பத்தின் விளிம்புக்கு வந்தார். "முகூர்த்தம் போகுது யோகன்! கொஞ்சம் பொறு!"

"உடனை திரும்பவேணும் அண்ணை."

"அங்கை ஆமி சென்றி. இங்கை நீயோ?"

தெப்பத்தில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் ஊரில் ஆமிக்காரரின் சென்றியில், அந்தச் சோதனைச் சாவடியில், இறங்கி வரிசையில் நின்றவர்கள். யோகன் அண்ணையின் முகம் கறுத்துப்போனதை நான் கண்டேன். "கரையிலை கதைப்பம் அண்ணை" என்று மட்டும் சொன்னார். எனக்கும் கோபம் தாங்கவில்லை. "நீங்கள் எங்கடை ஆளோ, அவங்கடை ஆளோ?" என்று கத்தினேன். "ரெண்டும்தான் கா" என்றார். அந்தக் கேள்வியை நான் இன்றும் வாபஸ் வாங்கவில்லை. அவ்வளவு நல்ல பதில் கிடைத்த கேள்வியை யார் வாபஸ் வாங்குவார்கள்? நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தெப்பத்தை ஓட்டிய சுவிஸ்காரர் சுக்கானைத் திருப்பிவிட்டார். சுவாமி கரைக்குத் திரும்பினார்.

கரையில் கூச்சலும் குழப்பமும். ஐயர்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "தண்ணி இருக்கிற இடமெல்லாம் தீர்த்தம்தானே. முகூர்த்தம் இன்னும் முடியேல்லை. இறங்க ஒரு வழி காட்டுங்கோ" என்றார். கரை முழுக்கக் கற்பாறை. இறங்கக்கூடியது படகுகளைத் தண்ணீருக்குள் இறக்குகிற சீமெந்துச் சரிவு ஒன்றுதான். அதுவும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும், படகுக்காரர் தவிர யாரும் கால் வைக்க முடியாது. யோகன் அண்ணை சாவியை எடுத்துச் சங்கிலியைக் கழற்றினார். சரிவின் வாயில் தங்கள் படகைக் குறுக்கே நிறுத்தும்படி பெயாட்டிடம் சொன்னார். சரிவுக்கு வந்த படகுகளை மறித்து, ஏரியில் இருந்து ஒதுங்க வருபவர்களை அடுத்த துறைக்குப் போகச் சொன்னார். முந்திய வருடம் அவர் இப்படிச் செய்திருக்கவே முடியாது. தெப்பத்தைத் திருப்பிய அதே அதிகாரத்தால்தான் அந்தச் சரிவையும் திறந்தார்.

என் பெரியண்ணையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பாரிசவாதம் வந்த பிறகு அவர் சக்கர நாற்காலியில். வாயில் வருகிற சொற்களும் கொஞ்சம்தான். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் கூட்டிவருவோம். தெப்பத்தில் ஏற்ற முடியாது, பாறைக் கரையில் இறக்கவும் முடியாது. வாகனத் தரிப்பிடத்தில் இருந்தபடியே மேளச்சத்தம் தூரப்போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அன்று யோகன் அண்ணை சப்பாத்தைக் கழற்றி, சீருடைக் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, நேரே பெரியண்ணையிடம் போனார். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, தான் கீழே நின்று தாங்கியபடி, சரிவில் மெல்ல மெல்ல இறக்கினார். ஐயர் அஸ்திரதேவரோடு தண்ணீரில் முழுகி எழும்பியபோது பெரியண்ணையின் கால் இரண்டும் ஏரிக்குள் இருந்தன. "குளிருது" என்றார் பெரியண்ணை. பிறகு சிரித்தார். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டிக் குழந்தைகள், ஊன்றுகோல்காரர்கள், உபயம் செய்ய வசதியில்லாதவர்கள் எல்லாம் இறங்கினார்கள். குலசிங்கம் அண்ணை மட்டும் மேலே கைகட்டிக்கொண்டு நின்றார்.

புயல் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பின்னேரம் இரண்டு குடைகளை மடக்குகிற அளவுக்கு ஒரு காற்று வீசியது, அவ்வளவுதான். விளக்கும் நின்றுவிட்டது. புயல் வந்து ஆட்டியிருந்தால் அன்றே எல்லாரும் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். வராதபடியால் பல மாதம் யாரும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, அன்னதானம் முடிய, வழக்கம்போலக் கிடாரம் கழுவினார்.

அப்படிக் கழுவிக்கொண்டிருந்த ஒருநாள் நான் விடவில்லை. "காத்து வரேல்லைத்தானே?" என்றேன்.

"வரேல்லை."

"அப்ப நீங்கள் செய்தது?"

"வந்திருந்தா நான் கெட்டிக்காரன். வராட்டி கரைச்சல்காரன். விளக்குக்கு அது தெரியாது கா. எனக்கும் அப்ப தெரியாது." கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். "குலசிங்கம் அண்ணை சொன்ன கதை என்னைச் சுட்டதுதான். ஆனா அங்கை மறிச்சவங்கள் எங்களைக் கொண்டுபோக மறிச்சவங்கள். நான் மறிச்சது கொண்டுவந்து விட."

இப்படியான கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. அன்றைக்கே குலசிங்கம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். "அவன் அப்பிடியோ சொன்னவன்?" என்று கேட்டார். அடுத்த வருட நிர்வாகக் கூட்டத்தில், தெப்பம் வேண்டாம், தீர்த்தம் இனி சரிவில்தான் என்று பிரேரணை கொண்டுவந்தவர் அவர்தான். காரணம் கேட்டதற்கு, "சனம் எல்லாம் இறங்கலாம்" என்றார். யோகன் அண்ணையின் பெயரை எடுக்கவில்லை. அது குலசிங்கம் அண்ணையின் குணம். பெரியண்ணை கண்மூடும்வரை ஒவ்வொரு தீர்த்தத்திலும் கால் நனைத்தார். ஒவ்வொரு முறையும் நாற்காலியை இறக்கியவர் யோகன் அண்ணை.

அதிகாரம் வந்த பிறகு அவர் மாறினாரா? கொஞ்சம் மாறினார். தயவுசெய்து என்பது குறைந்தது. சிரிப்புக் குறையவில்லை. மறித்தால் முதலில் தன் பெயரையும் பதவியையும் சொல்லுவார், ஏன் மறித்தேன் என்று சொல்லுவார், அதற்குப் பிறகுதான் மற்றவரின் பெயரைக் கேட்பார். "ஆர் மறிக்கிறது, என்னத்துக்கு மறிக்கிறது எண்டு தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும். எங்களுக்கு அங்கை ஆர் சொன்னது?" என்பார். அந்தப் பாய்மரப் படகுக்காரர் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். "அந்த அதிகாரத்தால் நாங்கள் ஒருவரையும் இழக்கவில்லை" என்று நிலானியிடம் சொன்னார்.

சாம்பல் கரைக்கிற நாள் நாங்கள் கொஞ்சப்பேர்தான் துறைக்குப் போனோம். பெயாட் காவல் படகோடு காத்திருந்தார். ஏரி நடுவில் கொண்டுபோவதென்று ஏற்பாடு. சாம்பல் குடம் நிலானியின் மடியில். ஏரி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. நாங்கள் எழும்பவும் விளக்குகள் சிமிட்டத் தொடங்கின. வேகமாக.

பெயாட் வானத்தைப் பார்த்தார். "டக்கென்று போய் வந்துவிடலாம். யோகாவுக்காகத்தானே. இன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்றார். கேட்கவேண்டிய ஆளே பெயாட்தான். நிலானி எங்கள் முகங்களைப் பார்த்தாள். எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஐயர் நேரம் குறித்துத் தந்திருந்தார், பின்னேரம் வேலைக்கும் போகவேண்டும்.

குலசிங்கம் அண்ணை கரையில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தார். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்தார். "அவன் விடான். இருங்கோ எல்லாரும்" என்றார்.

இருந்தோம். நான் கொண்டுபோன பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைப் பெயாட் உட்பட எல்லாரும் பகிர்ந்து குடித்தோம். நிலானி சத்தியப் பயிற்சியில் எழும்பிய மோதிர விரலின் கதையைத் திரும்பச் சொன்னாள். குலசிங்கம் அண்ணைதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். விளக்கு நிற்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு படகில் ஏறிப் போய் அவரைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றும் காற்று வரவில்லை.

யோகன் அண்ணையிடம் இருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். ஏரிக்கரையால் போகும்போது அந்த விளக்குச் சிமிட்டினால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. வானம் எப்படி இருந்தாலும் நின்றுவிடுகிறது. அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் யோகன் அண்ணை, காற்று வரவில்லையே என்று இப்போதும் அவரோடு சண்டை பிடிக்கிறேன். நின்றுகொண்டுதான் பிடிக்கிறேன்.